பதின்மூவாயிரத்து ஐந்நூறு ரூபாக் கேக்

ஒரு கேக்கைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். வீடு போய், வளவு போய், உறவு போய் நிற்கின்ற நாங்கள் ஒரு கேக்குக்காக வாய் திறப்பதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பிறகு அந்தக் கேள்வியே பிழை என்று தோன்றியது. அது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் மூத்த மகள் 2002ஆம் ஆண்டு ஆடி மாதம் பிறந்தவள். ஏ-9 பாதை திறந்து மூன்று மாதம். சமாதான காலத்துப் பிள்ளை என்று அவளின் தகப்பன் பெருமையாகச் சொல்லுவார். முதலாவது பிறந்தநாளுக்கு யாழ்ப்பாணம் போய்க் கேக் வாங்கி வந்தார். முகமாலையில் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்து மூடினதில் ஐசிங் பாதி மூடியில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. அந்த மூடியை நக்கிக்கொண்டு பிள்ளை இருந்த படம் ஒன்று எங்களிடம் இருந்தது. 2009இல் மற்றவற்றோடு அதுவும் போய்விட்டது. அந்த ஆண்டு வைகாசியோடு அவரும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல இன்றைக்கும் ஒருவரும் இல்லை.

அதே ஆண்டு ஆடியில், செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில், அவளுக்கு ஏழு வயது முடிந்தது. நிவாரணத்தில் வந்த பிஸ்கட்டை நாலைந்தாக அடுக்கி, மேலே ஒரு நெருப்புக்குச்சியைக் குத்திக் கொளுத்தினேன். பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். "வீட்டை போனாப் பிறகு அம்மா பெரிய கேக் வாங்கித் தாறன்" என்று சொன்னேன். பிள்ளைகளுக்குச் சொல்லுகின்ற எத்தனையோ சொல்லில் அதுவும் ஒன்று. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தோம். தறப்பாள் கொட்டில், பிறகு தற்காலிக வீடு, பிறகு வீட்டுத்திட்டம், அந்த வீட்டுக்குக் கதவு போடப் பட்ட கடன். உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பிறந்தநாள் வந்தால் பாற்சோறோ கேசரியோ செய்வேன். வசதிப்பட்ட ஒரு வருடம் வெதுப்பகத்தில் துண்டுக் கேக் வாங்கினோம். தையலில் வருகின்ற காசு சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் சரியாகிவிடும்.

மகள் படித்து முடித்து முன்பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். 2023 ஆடியில் 21 வயது. இந்த முறை விடுவதில்லை என்று மாதம் ஆயிரம் ரூபாச் சீட்டு ஒன்றில் சேர்ந்து எடுத்து வைத்திருந்தேன்.

ஊரில் கேக் செய்து கொடுக்கின்ற பெண் ஒருவரைப் பற்றிப் பலரும் சொன்னார்கள். வீட்டின் முன்விறாந்தையை அடைத்துச் சின்னக் கடையாக்கி வைத்திருந்தா. கண்ணாடி அலுமாரிக்குள் அலங்காரக் கேக்குகளின் படங்கள். நான் மகளின் சிநேகிதி ஒருத்தியோடு போனேன், மகளுக்குத் தெரியாமல். இரண்டு தட்டுக் கேக், மேலே விரித்து வைத்த புத்தகம் போல, அதில் ஒரு திறப்பு. 21 வயதுக்குத் திறப்பு வைப்பதுதானே வழக்கம். கீழ்த்தட்டு 2 கிலோ, மேல்தட்டு 1 கிலோ, பட்டர் கேக். கிலோ 4,500 ரூபா, அலங்காரத்தோடு. மொத்தம் 13,500. முற்பணம் 8,000 கொடுத்தேன். மீதி 5,500 கேக்கை எடுக்கும்போது.

விலை கூடத்தான். ஆனால் 2022இல் சாமான் விலைகள் ஏறின ஏற்றத்தை நாங்கள் எல்லோரும் கண்டவர்கள். மா, சீனி, பட்டர் எதுவும் பழைய விலைக்கு இறங்கவில்லை. முட்டைத் தட்டுப்பாட்டினால் 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். ஒரு இறாத்தல் பட்டர் கேக்குக்குப் பத்து முட்டை அடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. ஆகவே விலையில் நான் வாய் வைக்கவில்லை.

என் பிழை வேறு இடத்தில். அவ கொப்பியில் எழுதினா, எனக்கு ஒரு துண்டும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. "எங்கட பிள்ளைதானே" என்ற எண்ணம். நல்ல காலம், மகளின் சிநேகிதி அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, "அன்ரி ஓடர் குடுத்த கேக் இதுதான், 3 கிலோ, 13,500, 8,000 தந்தாச்சு" என்று எழுதியிருந்தாள். "ஓம்" என்று பதில் வந்திருந்தது. அந்த ஒரு சொல் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

பிறந்தநாள் சனிக்கிழமை, ஆடி 22. காலையில் முன்பள்ளிப் பிள்ளைகள் தாய்மாரோடு வந்தார்கள். அயலட்டையும் சேர்த்து நாற்பது பேர் இருக்கும். கட்லட், ரோல்ஸ், சோடா. கேக் ஓட்டோவில் வந்து இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், வெளிப்பார்வைக்கு அது அவ்வளவு வடிவு. வெள்ளையும் நீலமும், புத்தகத்தின் தாள் மடிப்புக்கூடத் தெரிந்தது. மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு விசரே?" என்று கேட்டு அழுதாள். அந்த நேரம் வரைக்கும் எல்லாம் சரி.

கத்தியை மேல்தட்டில் வைத்து அமத்தினாள். கத்தி இறங்கவில்லை. இன்னும் அமத்தினாள். கிறீச் என்று ஒரு சத்தம். ஐசிங் வெடித்து உள்ளே வெள்ளையாகப் பொருக்குப் பொருக்காகத் தெரிந்தது. றிஜிபோம். சின்னப் பிள்ளை ஒன்று, "ரீச்சர், கேக்குக்குள்ள ரீவிப் பெட்டி" என்றது. புது ரீவி வரும் பெட்டிக்குள் இருக்குமே, அதுதான் என்று பிள்ளைக்கு விளங்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

கீழ்த்தட்டை வெட்டினால், ஓரம் நல்ல கேக். நடுவில் மா வேகவில்லை. கத்தியில் களி போல ஒட்டிக்கொண்டு வந்தது. பச்சை முட்டை மணம். ஓரத்தை மட்டும் வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நடுவை எடுத்து வைத்தோம். வேகாத மாவும் முட்டையும் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகவிடக் கூடாது. அது கேக்கில் மட்டுமில்லை, எந்தப் பலகாரத்திலும்தான்.

அண்டைக்கு இரவு நான் செய்த இரண்டு வேலைகள் புத்தியாகச் செய்தவை, மற்றதெல்லாம் ஆத்திரத்தில் செய்தவை. றிஜிபோமையும் வேகாத பகுதியையும் படம் எடுக்கச் சொன்னேன். வேகாததைப் பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்தேன். ஒரு கிலோவுக்கு ஒரு சொட்டுக் கூட. பிறகு அதைப் பொலித்தீனில் சுற்றி அயலில் ஒரு வீட்டுப் பிரிட்ஜில் வைத்தேன்.

அடுத்த நாள் தம்பியின் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் வந்து போகின்ற நேரம். நான் குரலை உயர்த்தினேன். அவவும் உயர்த்தினா.

"அக்கா, எல்லாரும் மேல்தட்டு டம்மிதான் வைக்கிறவை. கலியாணக் கேக்கைப் பாருங்கோ, முழுக்க றிஜிபோம். நீங்கள் கேட்கேல்லை, நான் சொல்லேல்லை."

"மூண்டு கிலோ எண்டு காசு வாங்கினனீங்கள்தானே?"

"இந்தக் காசுக்கு இவ்வளவுதான் வரும். வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறேல்லை."

கலியாணக் கேக்கைப் பற்றி அவ சொன்னதில் பாதி உண்மை. மண்டபத்தில் நாலைந்து தட்டாக உயர்ந்து நிற்கின்ற கேக் பெரும்பாலும் றிஜிபோம்தான். வெட்டுவதற்கு ஒரு இடத்தில் மட்டும் உண்மைக் கேக் வைத்திருப்பார்கள். வந்தவர்களுக்குக் கொடுப்பது தனியாகச் செய்து பெட்டியில் போட்ட துண்டுகள். ஆனால் அது வாங்குபவருக்குத் தெரிந்து நடப்பது, டம்மித் தட்டுக்குக் கிலோக் கணக்கில் காசு எடுப்பதில்லை. இதை நான் அந்த வாசலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. கோபத்தில் எனக்குச் சொல் வராது, கண்ணீர்தான் வரும்.

திரும்பி வரும்போது தெரிந்த ஒரு அம்மா சொன்னா, "விடு பிள்ளை. எவ்வளத்தைக் கண்ட சனம் நாங்கள், ஒரு கேக்குக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறியே." நல்ல மனதோடுதான் சொன்னா. ஆனால் எனக்கு அது தைத்தது. பெரிய இழப்புகளுக்கு நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒருவரும் பதில் தரவில்லை. அதற்காகச் சின்ன இழப்புகளில் வாய் மூடி இருக்க வேண்டுமா? 13,500 ரூபா என்பது நான் தைக்கின்ற எத்தனை சட்டை என்று எனக்குத்தான் தெரியும். பெரியதைக் கண்டவள் சின்னதைப் பொறுக்க வேண்டும் என்று ஆர் எழுதி வைத்தது? ஆனால் சண்டை பிடித்தது சரியில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் மாதர் சங்கத் தலைவி விசயம் தெரிந்தவ. "சத்தம் போடாத. 1977க்கு ஒரு கோல் எடு" என்றா. அது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம். நுகர்வோர் அதிகாரசபை என்றும் சொல்லுவார்கள். கடைக்காரர் விலை கூட்டி விற்றால் பிடிக்கிற ஆட்கள் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். ஓடர் கொடுத்துச் செய்விக்கிற சாமானுக்கும், தையலுக்கும், திருத்த வேலைக்கும் அவர்களிடம் போகலாம் என்று அன்றுதான் தெரிந்தது. தையற்காரியான எனக்கே தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். என்னைப் பற்றியும் ஒருவர் அங்கே போகலாம்!

கச்சேரியில் இருக்கின்ற அவர்களின் பிரிவுக்குப் போனேன். இளம் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கச் சொல்லி, முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இதற்கு இருக்கின்றது. சொன்ன தரத்தில், சொன்ன அளவில் சாமான் தராவிட்டால், அல்லது செய்து தந்த வேலையில் கவனமும் திறமையும் இல்லாவிட்டால், வாங்கியவர் முறைப்பாடு செய்யலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதிகாரசபை இரண்டு பக்கத்தையும் விசாரித்து, பிழை என்று கண்டால் சாமானை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ, நட்டஈடு கொடுக்கவோ கட்டளை இடலாம். பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கின்றது. கேட்டால் என்பதைக் கவனியுங்கள். நான் கேட்கவில்லை.

"பற்றுச்சீட்டு இல்லையெண்டு பயப்பிட வேண்டாம் அம்மா. அந்த வட்ஸ்அப்பும் படமும் இருக்குத்தானே. ஆனா முறைப்பாட்டுக்கு முதல் ஒரு கடிதத்தோட போய் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ. கன பிரச்சினை அதில முடிஞ்சிடும். திகதியை மட்டும் மறந்திடாதேங்கோ" என்றார்.

சாப்பிட்டு யாருக்கும் வருத்தம் வந்ததா என்றும் கேட்டார். வந்திருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போக வேண்டும். அது 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்ற வேறு விசயம். கடவுள் புண்ணியத்தில் எவருக்கும் ஒன்றும் இல்லை. அவ இணங்காமல், முறைப்பாட்டிலும் இழுபட்டால், மத்தியஸ்த சபை இருக்கின்றது என்றும் சொன்னார். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. நாங்களே எங்கள் கதையைச் சொல்லலாம்.

இனி எவ்வளவு கேட்பது? இதில்தான் எனக்கும் மகளுக்கும் இரண்டு நாள் கதை. தம்பி "முழுக்க வாங்குங்கோ, மானநட்டமும் சேர்த்து" என்றான். மகள் "ஓரம் சாப்பிட்டதுதானே அம்மா, அலங்காரமும் வடிவாத்தானே இருந்தது" என்றாள். நானும் ஒரு தொழில் செய்பவள். சட்டையில் கை பிழைத்தால் கைக்குத்தான் நான் பொறுப்பு, முழுச் சட்டைக் காசையும் ஒருவர் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? எனவே கணக்குப் போட்டோம். தராத மேல்தட்டு 1 கிலோ, 4,500 ரூபா. கீழ்த்தட்டில் எறிய வேண்டி வந்தது 1 கிலோ, 4,500 ரூபா. மொத்தம் 9,000. மானநட்டத்துக்கு விலை போட எனக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டோம்.

கடிதத்தை மகள் எழுதினாள். யாருக்கும் உதவும் என்பதால் அப்படியே தருகிறேன்.

"நான் உங்களிடம் 3 கிலோ பட்டர் கேக்கை 13,500 ரூபாவுக்குச் செய்யத் தந்திருந்தேன். முற்பணம் 8,000 ரூபாவும், 2023.07.22 அன்று மீதி 5,500 ரூபாவும் தந்துள்ளேன். கிடைத்த கேக்கின் மேல்தட்டு றிஜிபோமாக இருந்தது. அது பற்றி எனக்கு முன்பு அறிவிக்கப்படவில்லை. கீழ்த்தட்டில் ஒரு கிலோ வரை வேகாமல் உண்ணத் தகாததாக இருந்தது. படங்களும் நிறை விபரமும் என்னிடம் உள்ளன. இவ்விரண்டுக்குமான 9,000 ரூபாவைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் அறிவிப்பேன்."

இவ்வளவுதான். ஏச்சும் இல்லை, சாபமும் இல்லை. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் அவவின் கையொப்பம் வாங்கச் சொல்லியிருந்தார்கள்.

இந்த முறை கிழமை நாளில், ஆள் இல்லாத மத்தியான நேரம் தனியாகப் போனேன். கடைப் பக்கம் பூட்டு. பின்பக்கம் வரச் சொன்னா. அங்கேதான் அவவின் குசினியைக் கண்டேன். மண் தரை. மூலையில் மின்சாரப் போறணை ஒன்று, சின்னது. சுவரில் பயிற்சி முடித்த சான்றிதழ் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது. அதற்குப் பக்கத்தில், மாலை போட்ட படம் ஒன்று. கட்டிலில் வயது போன ஒரு தாய். பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு பெடியன்.

கடிதத்தை வாசித்தா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்" என்றா.

அந்தச் சனிக்கிழமைக்கு நான்கு கேக் ஓடர் எடுத்திருந்தா. இரண்டுக்கு மேல் செய்ய முடியாது என்று தெரிந்தும் எடுத்தது, போறணை வாங்கின கடனுக்குத் தவணை நெருங்கினபடியால். எங்கள் மேல்தட்டையும் உண்மையாகவே செய்திருந்தா. சூட்டோடு தட்டிலிருந்து கவிழ்க்கும்போது அது இரண்டாக உடைந்துவிட்டது. திருப்பிச் செய்ய முட்டையும் இல்லை, நேரமும் இல்லை. முன்பு ஒரு கலியாணத்துக்கு வாங்கின றிஜிபோம் கிடந்தது. இரவு இரண்டு மணிக்கு அதற்கு ஐசிங் பூசினா. கீழ்த்தட்டு அவசரத்தில் சூட்டைக் கூட்டி வைத்தது. ஆழமான தட்டில் மாவை நிறைத்துச் சூட்டைக் கூட்டினால் மேலும் ஓரமும் சிவந்துவிடும், நடு அப்படியே இருக்கும். பெரிய கேக்கைக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வைக்க வேண்டும். அல்லது மாவைப் பிரித்து இரண்டு தட்டில் சுட்டு அடுக்க வேண்டும். ஈர்க்கைக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். "குத்திப் பாத்தனான் அக்கா, ஓரத்தில குத்தினனான்" என்றா. நடுவில் குத்தினால் ஐசிங்குக்குக் கீழே ஓட்டை தெரியும் என்றாவாம். நித்திரை இல்லாத மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

"அண்டைக்குக் காலமை ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருந்தா நான் விளங்கியிருப்பன்தானே பிள்ளை?"

"ஓடரை வேண்டாமெண்டு சொல்லிப்போடுவியள் எண்டு பயந்தனான்."

எனக்கு மனம் இளகியது உண்மை. இளகியதற்காகக் காசை விட்டுவிட்டு வரவில்லை என்பதும் உண்மை. அந்த வீட்டில் இருந்ததைவிட என் வீட்டில் அதிகம் ஒன்றும் இல்லை. அவ ஒரு பெண் தலைமை தாங்கும் குடும்பம் என்றால் நானும் அதேதான். ஒருத்தியின் கஷ்டத்தை மற்றவளின் சீட்டுக் காசால் தீர்க்க முடியாது. அன்று 3,000 ரூபா கையில் தந்தா. மீதி 6,000த்தை நான்கு மாதம், ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதி 1,500 வீதம் தருவதாகக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பம் வைத்தோம். பெடியன் சாட்சியாக நின்றான்.

ஓகஸ்ட் வந்தது, செப்ரெம்பர் வந்தது. ஒக்ரோபர் 15, நவராத்திரி தொடங்கின நாள், காசு வரவில்லை. பதினாறும் வரவில்லை. இங்கேதான் நான் பதறிவிட்டேன். மூன்று மாதம் ஒக்ரோபர் 22ஓடு முடிகின்றது. தவணையில் நம்பி இருந்து திகதியைத் தவறவிட்டால் கச்சேரிக் கதவு பூட்டிவிடும். கடிதம், வட்ஸ்அப் பிரதி, படங்கள், ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு எடுத்துக்கொண்டு 18ஆம் திகதி போனேன். கையில் ஆயிரம் மட்டும் இருக்கு என்றா. "பிள்ளை, எனக்கு உம்மில கோவமில்லை. ஆனா வெள்ளிக்கிழமை நான் முறைப்பாட்டைக் குடுக்கத்தான் வேணும், திகதி முடியுது" என்று சொல்லி, ஆயிரத்தையும் வாங்காமல் வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டினேன், வாங்கியிருக்கலாமோ என்று. வியாழக்கிழமை பின்னேரம் பெடியன் சைக்கிளில் வந்து 1,500 ரூபாவைத் தந்துவிட்டு, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். முறைப்பாடு கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று மாதர் சங்கத் தலைவி இன்றும் சொல்லுவா. கடைசித் தவணை அப்போதும் மிச்சம்தானே. அவ சொல்வது சரியாக இருக்கலாம்.

அந்தக் கடைசி 1,500ஐக் காசாக வாங்க வேண்டாம் என்று மகள்தான் சொன்னாள். முன்பள்ளியின் வருட முடிவுக் கலைவிழா வந்தது. இருபது பிள்ளைகள். கப் கேக் ஒன்று 75 ரூபா, 20 கேக்குக்குச் சரியாக 1,500. இந்த முறை ஓடர் எழுதின துண்டு எங்கள் கையில் இருந்தது. எண்ணிக்கை, விலை, திகதி, "காசு ஏற்கனவே பெறப்பட்டது" என்று எல்லாம் எழுதி, கீழே அவவின் கையொப்பம்.

கலைவிழா அன்று காலை பெட்டியைக் கொண்டுவந்தது பெடியன் இல்லை, அவவேதான். முன்பள்ளி வாசலில் நின்று, "ரீச்சர், பாத்து எடுங்கோ" என்றா. மகள் சிரித்துக்கொண்டு வேலியோரத் தென்னோலையில் ஒரு ஈர்க்கைக் கிழித்து எடுத்து, பெட்டியின் நடுவில் இருந்த ஒரு கேக்கைத் தெரிவு செய்து, அதன் நடுவில் குத்தினாள். ஈர்க்கு ஒட்டாமல் வந்தது. அதை அவவிடமே நீட்டினாள். குத்தின கேக்கை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவவுக்குக் கொடுத்துவிட்டு, மற்றப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் இருபதில் ஒன்று குறைந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

"ஒண்டு மேலதிகமா வைச்சிருக்கிறன்" என்றா அவ.